வளவுக்குள்ள புத்துக் காளான் முளைச்சிருக்கு, சனிக்கிழமைக்கு முன்னால யாராவது சொல்லுங்க

தேயிலைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். கிருலப்பனையில வாடகை வீட்டுல இருக்கோம். சனிக்கிழமை கறையானுக்கு மருந்து அடிக்கிற ஆள் வர்றார். அதுக்கு முன்னால எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்.

வளவோட பின்சுவர் ஓரத்துல ஈரப்பலா மரத்தோட அடிக்கட்டை ஒண்ணு இருக்கு. மரத்தை நாங்க குடி வர்றதுக்கு முன்னாலேயே வெட்டிட்டாங்க. கட்டைய ஒட்டினாப்ல ஒரு கறையான் புத்து, என் முழங்கால் உயரம் இருக்கும். மூணு நாளா பின்னேரம் ஆனா இடியும் மழையும்தான். நேத்து காலையில உடுப்பு காயப்போடப் போனேன், புத்தைச் சுத்திக் காளான். எண்ணிப் பாத்தேன், பதினேழு.

சிலது இன்னும் விரியல. தவில் அடிக்கிற குச்சி மாதிரி நிக்குது, ஆனா நுனி மட்டும் கூரா இருக்கு. அந்தக் கூர் மண்ணைக் கிழிச்சிக்கிட்டு வந்த இடத்துல மண்கட்டி ரெண்டா பொளந்து ரெண்டு பக்கமும் சாஞ்சு கிடக்கு. விரிஞ்சது என் உள்ளங்கைய விடப் பெருசு. மேல சாம்பலும் கபிலமும் கலந்த நிறம், நடுவுல கறுப்பா ஒரு முனை, ஓரம் அங்கங்க கிழிஞ்சிருக்கு. படம் மூணு போட்டிருக்கேன், பாருங்க.

பாத்த உடனே எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நான் பொறந்தது தெரணியகலப் பக்கம் ஒரு தோட்டத்துல. ஐப்பசி மழை தொடங்கினா எங்க அம்மாயி கொழுந்து எடுக்கப் போறப்பவே மலை ஓரத்துப் புத்தெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போவாங்க. கிடைச்சா படங்குத் துணியில முடிஞ்சு, கொழுந்துக் கூடைக்கு அடியில வச்சு லயத்துக்குக் கொண்டு வருவாங்க. எந்தப் புத்துன்னு யாருக்கும் சொல்ல மாட்டாங்க, எனக்கு மட்டும் காட்டினாங்க. கத்தி வைக்கக் கூடாது, அடியில ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா திருகி எடுக்கணும்பாங்க. 2009ல அம்மாயி போயிட்டாங்க. நான் அதுக்கு முந்தியே கொழும்புக்கு வேலைக்கு வந்துட்டேன். அப்புறம் இந்தக் காளானை கண்ணால கூடப் பாக்கல. இங்க கடையில கிடைக்கிறது பெட்டியில அடைச்ச மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும்தான்.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். அவருக்குக் காளான் எண்டாலே நாய்க்குடைதான். "பிள்ளை இருக்கிற வீட்டுல இதை அடுப்புல ஏத்தாத" எண்டு நேத்தே சொல்லிட்டார். மகளுக்கு ஏழு வயசு, அவர் பயப்படுறதுல தப்பே இல்ல. பக்கத்து வீட்டு நோனா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து "இந்தலொலு!" எண்டு கூவினாங்க, புத்துக் காளானுக்குச் சிங்களத்துல அதான் பேர். அவங்களுக்கு எஹலியகொட.

எனக்கு ரெண்டு கேள்வி. இது அம்மாயி கொண்டு வந்த காளான்தானா, நிச்சயமா எப்படித் தெரிஞ்சுக்கிறது? அடுத்தது, சனிக்கிழமை புத்துக்கு மருந்து அடிச்சா இது திரும்ப வருமா? தெரிஞ்சவங்க தயவு செஞ்சு சொல்லுங்க.


வெள்ளவத்தை வாசி:

தங்கச்சி, தயவு செய்து அவசரப்படாதேங்கோ. உங்கட வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கோ.

2018ல எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன். அப்ப தெஹிவளையில இருந்தனாங்கள். மழை விட்ட அடுத்த நாள் வீட்டு முன் புல்லுக்குள்ள பெரிய வெள்ளைக் காளான்கள், குடை மாதிரி விரிஞ்சு, பாக்க அவ்வளவு வடிவு. அம்மா ஊரில காளான் சமைச்சுப் பழக்கப்பட்ட ஆள். உள்ளியோட வெள்ளிக் காசு ஒண்டையும் போட்டு அவிச்சுப் பாத்தவ. காசு கறுக்கேல்லை, அப்ப நல்ல காளான் எண்டு சொன்னா. அணிலும் ஒண்டைக் கடிச்சிருந்தது, அதையும் காட்டினா. நாலு பேர் சாப்பிட்டம். இரண்டு மணித்தியாலம் ஆகேல்லை, தம்பி முதலில சத்தி எடுக்கத் தொடங்கினான். பிறகு எல்லாருக்கும் வயிற்றோட்டம், எழும்பி நிக்க ஏலாது. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்து கொண்டு போனது. மூண்டு நாள் சேலைன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, அவவைப் பற்றித்தான் டொக்டர்மார் பயந்தவை.

வீட்டை வந்து பாத்தால் பறிக்காமல் விட்ட காளான்களிட குடைக்குக் கீழ் தகடெல்லாம் மங்கின பச்சை. அதுதான் அடையாளமாம், குளோரோபில்லம் மோலிப்டைட்டிஸ் எண்டு பேர். விரியேக்க வெள்ளையாத்தான் இருக்கும், முத்தினால்தான் பச்சை தெரியும். நாங்கள் இளசாப் பாத்துப் பறிச்சனாங்கள்.

வெள்ளிக் காசு, உள்ளி, மஞ்சள், அரிசி, அணில் கடிச்சது, புழு இருக்கிறது: இது ஒண்டையும் நம்பாதேங்கோ. எங்களுக்கு வந்தது உடனே காட்டின நஞ்சு, அதால தப்பினம். அமானிட்டா எண்ட காளான் வகையில சிலது ஆறு, பன்னிரண்டு மணித்தியாலம் ஒண்டும் காட்டாது. பிறகு சத்தி வரும், நிக்கும், சுகம் வந்திட்டுது எண்டு நினைப்பீங்கள், அந்த நேரம் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் அவிச்சாலும் அந்த நஞ்சு போகாது. படத்தைப் பாத்து ஆரும் "சாப்பிடலாம்" எண்டு சொன்னால் கேக்காதேங்கோ.


பேராதனைக்காரி:

வெள்ளவத்தை வாசி எழுதியதில் ஒவ்வொரு வரியும் சரி. உங்கள் அம்மா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

தேயிலைப்பூ, நான் பேராதனையில் தாவரவியல் படித்து, பிறகு கொழும்பில் முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள். படத்தைப் பார்த்து நானும் சாப்பிடச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே மண்ணுக்குள் கையை விட்டுப் பார்க்கக் கூடிய அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு காளானைத் திருகிப் பிடுங்காமல் தோண்டி எடுங்கள். அம்மாயி திருகி எடுத்தது கறிக்கு. அடையாளம் காண்பதற்கு வேர் வேண்டும். ஒரு பழைய கரண்டியால் காம்பைச் சுற்றி மெதுவாகக் கிண்டிக்கொண்டே போங்கள். புத்துக் காளானின் காம்பு மண்ணோடு முடியாது. மெலிந்து, வேர் மாதிரி நீண்டு, கறையான் தன் கூட்டுக்குள் வளர்க்கிற பங்கசு, அதாவது பூஞ்சைத் தோட்டம் வரைக்கும் போகும். சில நேரம் ஒரு முழம், சில நேரம் அதைவிட ஆழம். இந்த இனத்தை 1847ல் பெர்க்லி என்ற ஆங்கிலேயர் விவரித்தபோது அவர் கையில் இருந்தது இலங்கையில் சேர்த்த காளான். அவர் அதற்கு வைத்த பெயரே 'நல்ல வேருள்ளது' என்று பொருள்படும் யூரைசஸ். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினப் பெயர் பிறகு, 1942ல், ரொஜே ஹெய்ம் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது.

அடியில் கிண்ணம் மாதிரியோ பை மாதிரியோ ஒரு உறை இருந்தால், அல்லது காம்பில் வளையம் தொங்கினால், அந்தக் காளானை அப்படியே குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அமானிட்டாவுக்குத்தான் அந்தக் கிண்ணம். அது மண்ணுக்குள் மறைந்திருக்கும், மேலால் பிடுங்கினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். தோண்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது வித்தி அச்சு. நன்றாக விரிந்த ஒரு குடையைக் காம்பிலிருந்து வெட்டி, தகடு கீழே இருக்கிற மாதிரி ஒரு கண்ணாடித் துண்டில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையால் மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் கண்ணாடியில் தூள் படிந்திருக்கும். புத்துக் காளானுக்கு அது வெளிர் ரோஜா நிறம். அமானிட்டாவுக்கு வெள்ளை. வெள்ளவத்தை வாசி வீட்டில் முளைத்ததற்குப் பச்சை. கண்ணாடியைப் பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள், ரோஜாவா வெள்ளையா என்று வெறும் கண்ணாடியில் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்தாலும், புத்துக் காளானைக் கையில் எடுத்துப் பழகிய ஒருவர் நேரில் பார்த்த பிறகுதான் நான் அடுப்பில் வைப்பேன். எஹலியகொட நோனா பக்கத்திலேயே இருக்கிறார், மதிலுக்கு மேலால் அல்லாமல் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு அதைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

கறையான் இல்லாவிட்டால் இந்தக் காளான் இல்லை. உங்கள் ஈரப்பலாக் கட்டையையும் சருகையும் வேலைக்காரக் கறையான்கள் மென்று விழுங்கி, பாதி செரித்த எச்சமாகக் கூட்டுக்குள் கொண்டுபோய் அடுக்குகின்றன. அது கபில நிறத்தில், மடிப்பு மடிப்பாக, வால்நட் பருப்பு மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் ஈரமான ரஸ்க் போல உதிரும். தின்ற உணவோடு பங்கசின் வித்திகளும் அவற்றின் வயிற்றுக்குள்ளால் வந்து அதில் விதைபடும். பிறகு பங்கசின் இழை முழுவதும் ஓடி, மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருளை உடைத்து, கறையான் தின்னக் கூடிய சாப்பாடாக மாற்றிக் கொடுக்கும். அந்தத் தோட்டத்தின் மேல் குண்டூசித் தலை அளவு வெள்ளை மணிகள் நிறைந்திருக்கும், அதையும் கறையான் தின்னும். பழசாகிப்போன அடி அடுக்கையும் தின்னும். கூட்டைச் சூடாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது, களை மாதிரி வருகிற வேறு பங்கசுகளை அண்ட விடாமல் பார்ப்பது எல்லாம் கறையானின் வேலை. ஒருமுறை மாணவர்களுக்குக் காட்ட ஒரு தோட்டத் துண்டைக் கண்ணாடிச் சாடியில் எடுத்து வந்தேன். கறையான் இல்லாமல் வைத்தேன். ஒரு கிழமைக்குள் அதன் மேல் கறுப்பு விரல்கள் போல வேறொரு பங்கசு எழும்பி முழுவதையும் பிடித்துவிட்டது. பிள்ளைகள் அந்தச் சாடியைச் சுற்றி நின்ற முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப் பங்கசு வளர்க்கிற கறையான்கள் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டும்தான் உண்டு. ஸாம்பியாவில் இதே பேரினத்தில் ஒரு காளானின் குடை ஒரு மீற்றர் வரை விரியும். நம் நாட்டில் இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் தொமஸ் பெச், பேராதனைத் தோட்டத்தில் இருந்தவர். கறையான் கூடுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்து 1906ல் எழுதினார். அவரே பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளர். உங்கள் அம்மாயி பார்த்துக்கொண்டு போன புத்துகளைத்தான் அவரும் பார்த்திருக்கிறார்.

சிப்பிக் காளானைப் பையில் வளர்க்கிற மாதிரி இதை வளர்த்து விற்க இன்னும் வழி கிடைக்கவில்லை. அதனால் புத்துக்கு மருந்து அடித்தால் காளானும் முடிந்தது. கறையான் வீட்டு மரத்துக்கு வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். சுவரில் மண் கோடு ஓடினால் சுரண்டிவிட்டு, ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். திரும்பக் கட்டினால் நிலையையும் கூரை மரத்தையும் பாதுகாக்க வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்றால் சருகும் கட்டையும் தின்கிற புத்தைக் கொல்லக் காரணமில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தக் கட்டைக்கோ புத்துக்கோ முன்பு யாராவது மருந்து ஊற்றினார்களா? வீட்டுச் சொந்தக்காரரைக் கேளுங்கள்.


ஹங்வெல்ல ராத்தா:

தங்கச்சி, படத்தப் பாத்த உடனே எங்கட உம்மாட கைமணம் வந்திட்டு. டீச்சர் சொன்னதெல்லாம் செஞ்சு சரியெண்டா மட்டும் இத வாசிங்க.

நாங்க ஹங்வெல்லயில ஈக்கிற நாளையில வாப்பா ரப்பர் தோட்டத்துக்குள்ள போய் இந்தலொலு கொண்டு வருவாரு. அதோட அரிசி எறிஞ்ச மாதிரி நிலம் பூராவும் வெள்ளையா முளைக்கிற சின்னக் காளான் ஒண்டும் ஈக்கி, ஹீன்வெலி எண்டு சிங்களத்தில சொல்லுவாங்க. அதுவும் கறையான்ட காளான்தான், ஆனா வேர் இல்ல. கறையான் உள்ள ஈக்கிற தோட்டத்தத் துண்டு துண்டா வெளியில கொண்டு வந்து போடும், அதில முளைக்கும். உம்மா அதச் சுளகில போட்டுப் புடைச்சுத்தான் மண் எடுப்பா.

பெரிசுக்கு இப்பிடிச் செய்வா. மண் ஒட்டின அடியச் சீவி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில ரெண்டு தரம் அலசுவா, ஊற விட மாட்டா. ஊறினா வாசம் எல்லாம் தண்ணிக்குப் போயிடும். கத்தி வைக்காம கையாலயே நீளத்துக்குக் கிழிப்பா, காம்பு கோழி நெஞ்சு இறைச்சி மாதிரி நார் நாரா வரும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, கொஞ்சம் மஞ்சள், ஒரு துண்டு கொறக்காய். ரெண்டாம் பால்ல அவிய விட்டு, கடைசியில கட்டிப் பால் ஊத்தி ஒரு கொதி. மிளகு மேலால. பறிச்ச அண்டைக்கே ஆக்கிடணும், அடுத்த நாள் பூச்சி புடிச்சிடும்.

முதல் தரம் சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சமாக் குடுங்க. பிள்ளைக்கு வேணாம், அவ வளரட்டும்.


தேயிலைப்பூ:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளவத்தை வாசி அண்ணா, நீங்க எழுதினதை வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். ராத்திரி முழுக்க யோசிச்சிட்டு காலையில அவரே கரண்டி எடுத்துக்கிட்டு வந்தார்.

ரெண்டு பேருமா தோண்டினோம். காம்பு மண்ணுக்குக் கீழ கறுப்பாகி, பென்சில் அளவுக்கு மெலிஞ்சு, புத்துக்கு அடிப்பக்கமா சாஞ்சு போகுது. கரண்டி எட்டாத இடத்துல கையை விட்டேன். என் முழங்கை வரைக்கும் மண்ணுக்குள்ள போச்சு, அங்க சூடா இருந்துச்சு. மேல மழையில குளிர்ந்த மண்ணு, உள்ள உயிருள்ள சூடு. விரல்ல கறையான் ஏறுச்சு, கையை எடுக்கத் தோணல. வேர் அங்கதான் முறிஞ்சுது. கிண்ணம் இல்ல, வளையம் இல்ல. ராத்திரி அவர் மேசைக் கண்ணாடியில குடையைக் கவிழ்த்து வச்சார். காலையில கண்ணாடியை எங்கட கல்யாண அழைப்பிதழோட பின்பக்க வெள்ளையில வச்சுப் பாத்தா ரோஜாதான், மகளோட பழைய ரிப்பன் வெளுத்த நிறம். கோடு கோடா தகட்டோட அச்சு அப்படியே விழுந்திருக்கு. நோனா கையில வாங்கி, மோந்து பாத்து, முனையைத் தடவி, இந்தலொலுவேதான்னு சொன்னாங்க.

ஆனா டீச்சர் கடைசியா கேட்டீங்களே, அதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் பண்ணினேன். மரம் வெட்டின வருஷம் கட்டை திரும்பத் துளிர்க்காம இருக்க ஏதோ மருந்து வாங்கி ஊத்தினாராம், சுவர் ஓரமெல்லாம் கறையான் மருந்தும் அடிச்சாராம். என்ன மருந்து, எத்தனை தரம், ஒண்ணும் ஞாபகம் இல்ல.


பேராதனைக்காரி:

அப்படியென்றால் அந்தப் பதினேழையும் சாப்பிடாதீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். புத்து உயிரோடு இருப்பதால் மருந்து போய்விட்டது என்று எடுக்க முடியாது. காளான்கள் மண்ணில் இருக்கிற உலோகத்தையும் இழுத்துச் சேர்க்கும், நகரத்துச் சுவர் ஓரத்து மண்ணில் பழைய பெயின்ற் என்னென்ன உதிர்ந்திருக்கோ. இனம் சரி, இடம் சரியில்லை. புத்தை விடுங்கள், பார்த்துக்கொண்டிருங்கள், எண்ணுங்கள், அடுத்த மழைக்கு எத்தனை வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.


தேயிலைப்பூ:

டீச்சர் சொன்ன மாதிரியே விட்டுட்டேன். மருந்து அடிக்கிறவர் சனிக்கிழமை வந்தார். சுவரையும் நிலைகளையும் தட்டிப் பாத்தார், மண் கோடு எங்கயும் இல்ல. வந்த கூலியை மட்டும் வாங்கிக்கிட்டார். நாலாம் நாள் குடையெல்லாம் கறுத்து மண்ணோட சாஞ்சிருச்சு. மகள் அதுக்குள்ள ஒவ்வொண்ணையும் கொப்பியில வரைஞ்சு நம்பர் போட்டு வச்சிருக்கா.

நோனாவோட தம்பி நேத்து எஹலியகொடயிலிருந்து பஸ்ஸுல வந்தார். ஹபரல இலையில சுத்தி, வாழை நாரால கட்டின பொட்டலம். அவங்க வீட்டுக்குப் பின்னால ரப்பருக்குள்ள இருக்கிற புத்தாம், தாத்தா காலத்துல இருந்து அங்கதான் பறிக்கிறாங்களாம். வேரோட ஒண்ணு எனக்காகத் தோண்டி எடுத்து வந்திருந்தார். நோனாவும் நானும் ஒண்ணா நிண்டு சமைச்சோம். கையாலதான் கிழிச்சேன்.

வீட்டுக்காரர் ஒரு கரண்டி சாப்பிட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கிட்டார். மகளுக்குக் குடுக்கல, ராத்தா சொன்ன மாதிரி அவ வளரட்டும்.

ராத்தா, கொறக்காய் மட்டும் போடல, கோவிச்சுக்காதீங்க. அம்மாயி இதுக்குப் புளி சேர்க்க மாட்டாங்க, மிளகும் சீரகமும் அம்மியில தட்டிப் போடுவாங்க. அந்த வாசம் வர்ற வரைக்கும் எனக்கு அது புத்துக் காளான் இல்ல.